அப்பா உள்ளே இருந்த விளையாட்டு

எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு வெகு முன்பே மணியை அழுத்திவிட்டு, தப்பான இடத்தில் இறங்கி வெயிலில் நடந்தவள் நான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடிய கதையும் உண்டு. இப்படிப்பட்ட ஒருத்தியின் மேசையில்தான் எங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. மலேசியாவில், கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் போகும் சாலையில், தஞ்சோங் காராங்குக்கு முன்னால் உள்ளே திரும்பினால் பாமாயிலுக்காக வளர்க்கும் எங்கள் செம்பனைத் தோட்டம். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டினார். நான் அதே தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட். தலைமை எழுத்தரான பெரிய கிராணிக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தார். "சின்னப் புள்ள, நீயே கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

அதைப் பொருத்திக் கொடுக்க கோல சிலாங்கூர் டவுனிலிருந்து ஓர் ஆள் வந்தார். அவருடைய குடும்பத்துக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாப்பாட்டுக் கடை. அவர் மட்டும் குடும்பத் தொழிலுக்குப் போகாமல் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இப்படி ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணன் என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். நான் கீபோர்டுச் சாவிகளைத் தொடப் பயப்படுவதைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்துச் செருகினார்.

"இது வெளையாட்டு. இதுல பழகுனா கை பயம் போயிடும் லா."

விளையாட்டு என்றதும் பொம்மைகள் ஓடும் என்று நினைத்தேன். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும்தான் இருந்தன. கோடுகள் சுவராம், புள்ளிகள் தரையாம். செத்தவர்களின் உலகமாம் அது. கிரேக்கம், எகிப்து, நம்முடைய எமலோகம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி வைத்திருந்தார்கள். 'டி' என்ற எழுத்து வந்தால் மூன்று தலை நாய். 'பி' வந்தால் எருமை. எருமை வந்தால் அதன் சொந்தக்காரரும் பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று அர்த்தம். நாம் ஒரு சுழி. விலைச்சீட்டில் 'வீதம்' என்பதற்கு நாங்கள் தட்டுவோமே, ஏ எழுத்தைச் சுற்றி வால் போட்ட குறி, அதேதான். மாடிமாடியாகக் கீழே இறங்கி, ஆக அடியில் இருக்கும் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே வரவேண்டும். விளக்கு இல்லாமல் வந்தால் வாசல் திறக்காது.

"செத்தா?" என்று கேட்டேன். எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

"செத்தா செத்ததுதான். மத்த வெளையாட்டு மாதிரி மூணு உயிரு எல்லாம் கெடையாது. பாதியில நிறுத்தி வச்சு, நாளைக்கு அதே எடத்துலேருந்து தொடரலாம். ஆனா வேணாம்னு விட்டுட்டுப் போனாலும் செத்ததாத்தான் எழுதும். பாருங்க."

அவர் பெயரில் இருந்த ஆட்டத்தை என் கண் முன்னாலேயே வேண்டாம் என்று தட்டினார். திரையில் ஒரு கல்லறை எழும்பியது. அதில் அவர் பெயர். அவர் சிரித்தார். "எங்க வாப்பா பாத்தா செருப்பால அடிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் கிராணி தூங்கும் நேரத்தில் நானே டிஸ்கைச் செருகினேன். பெயர் என்ன என்று கேட்டது. ஐசி என்ற அடையாள அட்டையில் இருப்பதுபோல் முழுசாகத் தட்டினேன்: என் பெயர், பிறகு 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். இன்னாருடைய மகள் என்பதை மலாயில் சுருக்கி எழுதுவது அது. இந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்குப் பெயர் என்றால் மூன்றும் சேர்ந்ததுதான். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் எங்கே பெயர் கேட்டாலும் கை தானாக அந்தச் சாய்கோட்டைப் போட்டுவிடும். எங்கோ உட்கார்ந்து அந்த விளையாட்டை எழுதியவனுக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? சாய்கோட்டைப் பார்த்ததும் அந்த இயந்திரத்துக்கு என்ன குழப்பமோ, அதற்கு முன்னால் இருந்த என் பெயரை விழுங்கிவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை எழுத்தையும் உதறிவிட்டு, அப்பா பெயரை மட்டும் திரையின் அடியில் எழுதிவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது.

எமலோகத்தின் முதல் மாடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அப்போதுதான் அப்பாவின் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பல வருடமாக வயிற்றுப் புண். அந்த மாதம் டிராக்டரிலேயே கறுப்பாக வாந்தி எடுத்தார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தே ஆகவேண்டும், இன்னொரு முறை உள்ளே ரத்தம் கசிந்தால் தாங்க மாட்டார் என்றார்கள். டாக்டர் சொன்னதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் எடுத்துச் சொன்னவள் நான்தான். அப்பா கேட்டுக்கொண்டு, "சரி, போயிடுவோம்" என்றார். அந்தச் சரியை வாங்கவே அம்மா கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

எனவே திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேண்டாம் என்று தட்டினால் கல்லறை வரும். மின்சாரத்தை நிறுத்தலாமா? டிஸ்கை உடைத்துவிடலாமா? உடைத்தால் உள்ளே இருப்பவர் என்ன ஆவார்? இப்படியெல்லாம் யோசித்த பெண் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சையில், ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிப்புக்கும் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அப்பாவை எங்கும் இறக்குவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் மாடியில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, எலிகளும் எப்போதாவது ஒரு பாம்பும்தான். எலியைக் கொன்றுவிட்டு ஒரு மூலையில் நிற்கட்டும். நகர்வதற்கு வலது கையின் நான்கு எழுத்துகள். டைப்பிங் வகுப்பில் பழகிய விரல்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆபத்தும் அதில்தான் இருந்தது. தட்டச்சுப் பழகிய விரல் ஒரு தட்டோடு நிற்காது. ஓர் அடி வைக்கச் சொன்னால் நாலு அடி ஓடும். ஒருநாள் அப்படித்தான் அப்பாவை நேரே கொண்டுபோய்ப் பாம்பின் மேல் மோதவிட்டேன். அவர் தப்பிப் பிழைத்ததற்கு நான் காரணமில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூலையில் நின்றாலும் நிம்மதி இல்லை. நான் டிஸ்கில் சேமித்து மூடிவிட்டால் நேரம் நிற்கும். ஆனால் திறந்து அவர் இருக்கிறாரா என்று பார்க்காமல் என்னால் ஒருநாளும் இருக்க முடியவில்லை. திறந்தால் ஓர் எலி வரும். அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க நேரம் ஓடும். ஒருநாள் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'பசி' என்று வந்தது. அந்த மாடியில் சாப்பாடே இல்லை. சாப்பாடு வேண்டுமென்றால் இறங்க வேண்டும். இறங்கினால் நாய். வீட்டில் அப்பா அரைக் கஞ்சியோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆபீசுக்கு வந்தால் இங்கேயும் பசி. எனக்கு எது எங்கே நடக்கிறது என்பதே குழம்ப ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் அப்பா ஆபீசுக்கு வந்தார். டீசல் சீட்டைக் கொடுக்க வந்தவர், கிராணி தூங்குவதைப் பார்த்துவிட்டு என் மேசைப் பக்கம் நகர்ந்தார். நான் மறைப்பதற்குள் திரையைப் பார்த்துவிட்டார். அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆங்கில எழுத்தில் அவருக்கு அடையாளம் தெரிந்தது அவருடைய சொந்தப் பெயர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சம்பளச் சீட்டில் பார்த்துப் பார்த்துப் பழகியது.

"ஏ பாப்பா, இது எம் பேருல்ல?"

"சும்மா ஒரு வெளையாட்டுப்பா."

"எம் பேரு ஏன் அங்க இருக்கு?"

எனக்குப் பொய் சொல்ல வராது. அதைவிட, யாரிடமாவது சொன்னால் பாரம் குறையும் என்றிருந்தது. சொன்னேன். இது எமலோகம், நீங்கள்தான் அந்தச் சுழி, தெரியாமல் உள்ளே போய்விட்டீர்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் ஒரு 'பி' வந்து நின்றது. முதல் மாடியில் அது வரவே கூடாது. அது என்ன என்று கேட்டார். எருமை என்றேன்.

அப்பா பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவர். ஆனால் பெயர் விஷயத்தில் அவருக்குத் தனிப் பயம் இருந்தது. செம்பனைக் காட்டுக்குள் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்குத் திரும்பமாட்டார். மூன்றாவது முறையும் கூப்பிட்டால்தான் மனிதர் என்று நம்பி 'ஓய்' என்பார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பல பேர் அப்படித்தான். அப்படிப்பட்டவரின் பெயரை நான் எமன் வீட்டு வாசலில் எழுதி வைத்திருந்தேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"மொதல்ல என்னைய வெளிய எடு" என்றார். "நான் உள்ள இருக்கறப்ப அங்க கத்தி வச்சா நான் எங்கேருந்து எந்திரிக்கிறது? வெளிய எடுத்துட்டுச் சொல்லு. அப்பறம் ஆசுபத்திரிக்குப் போறேன்."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளிடமும் அதையே சொல்லியிருந்தார்.

"ஏண்டி, அந்த மனுசன் சரின்னு சொல்றதுக்கு நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாதா? இப்ப என்னத்தையோ காட்டிக் கெடுத்துட்டு வந்து நிக்கிற."

ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு மாலையும் டிராக்டரை விட்டு இறங்கியதும் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "என்னாச்சு? எந்த மாடி?" என்று கேட்பார். அவர் கேட்டதில் கிண்டலே இல்லை. டாக்டரிடம்கூட அவர் அப்படி அக்கறையாகக் கேட்டதில்லை.

எருமையிடமிருந்து தப்பிக்க வேறு வழியில்லாமல் இறங்கினேன். இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. ஒரு தகரத்தில் ஏதோ சாப்பாடு கிடைத்தது, 'பசி' போனது. அன்றைக்கு அப்பாவிடம், "சாப்பிட்டீங்கப்பா" என்றேன். "என்ன சாப்பிட்டேன்?" என்று கேட்டார். தகரத்தில் கிடைத்ததால், சார்டின் மீன் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. சீசாக்களும் கிடந்தன. எது மருந்து, எது விஷம் என்பது குடித்தால்தான் தெரியும். நான் ஒன்றையும் குடிக்க விடவில்லை. விளக்கு எத்தனையாவது மாடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தவர்களே குறைவு என்று அண்ணன் சொல்லியிருந்தார். என்னைப் போன்ற புது ஆளுக்கு அது நடக்கிற காரியமில்லை என்பது நாலாவது மாடியில் தெரிந்துவிட்டது. அங்கே நாய் இருந்தது. அப்பாவின் உயிர் என்று திரையில் காட்டிய எண் ஒரே கடியில் பாதியாகிவிட்டது. சேமித்து மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

அன்று மாலை அப்பா எதுவும் கேட்கவில்லை. வாசல் கால்வாயோரம் குனிந்து மறுபடியும் கறுப்பாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் டவுனுக்குப் போன் செய்து, பிரிண்டர் கெட்டுவிட்டது என்று அண்ணனை வரவழைத்தேன். பிரிண்டர் நன்றாகத்தான் இருந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆள வெளிய எடுக்க முடியாது தங்கச்சி. ஆனா பேர மாத்தலாம். அதுக்கு ஒரு சாவி இருக்கு."

"பேரே இல்லாம விடலாமா?"

"விடாது. ஏதாச்சும் ஒரு பேரு இருக்கணும்."

இதற்கு நான் யோசித்த யோசனை இருக்கிறதே. மனசுக்குள் தோட்டத்து மேனேஜர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செத்துப்போனவர்கள் பெயரைப் போடலாமா என்றால், அவர்களை எதற்கு மறுபடியும் தொந்தரவு செய்வது? வாய்க்கு வந்த நாலு எழுத்தைத் தட்டலாம். ஆனால் எந்த நாலு எழுத்தைத் தட்டினாலும் அது எங்கோ யாரோ ஒருவருடைய பெயராக இருந்து தொலைக்குமே. எதிரி பெயர் போடலாம் என்றால், எனக்குச் சரியான எதிரிகூட இல்லை.

"எம் பேரப் போடுங்க" என்றார் அண்ணன். "நான் இதெல்லாம் நம்புற ஆளு இல்ல."

போன மாதம்தான் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் காட்டிய சாவியை அழுத்தினேன். அப்பா பெயரை அழித்தேன். அந்த இடத்தில் என் பெயரைத் தட்டினேன். இந்த முறை சாய்கோடு போடவில்லை. அப்பா பெயரும் சேர்க்கவில்லை. நாலாவது மாடியில், பாதி உயிரோடு, நாய்க்கு எதிரே நான் நின்றேன். அண்ணன் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் அப்பாவை ஆபீசுக்கு வரச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பெரியவர்கள் அறைக்குள் போவதுபோல் மெதுவாக வந்து திரையைப் பார்த்தார்.

"பாருங்கப்பா. ஒங்க பேரு இல்ல. வெளிய வந்துட்டீங்க."

வெகு நேரம் பார்த்தார். திரையின் அடிவரிசையில் ஒவ்வோர் எழுத்தாகக் கண்ணை ஓட்டினார்.

"இப்ப உள்ள யாரு?"

"யாரும் இல்லப்பா. சும்மா ஒரு பேரு."

"ம்" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "ஆசுபத்திரிக்குப் போயிடுவோம், பாப்பா. தள்ளிப்போட வேணாம்" என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல்லை இறக்கியது போலிருந்தது. அம்மா அன்றைக்கே அம்மன் கோயிலுக்குத் தேங்காய் வாங்கினாள். அப்பா அவளிடம் தன் சட்டை, கைலி, டிராக்டர் சாவி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயம் விட்டுப்போன ஆள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

குறித்த நாளில் கிள்ளானில் அவருக்குப் பச்சைத் துணி உடுத்தித் தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். அம்மாவால் நிற்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் கட்டிலோடு நடந்தேன். ஆபரேஷன் அறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மெசினுக்குள்ள இருக்கறது நீதானே?"

"எப்படிப்பா தெரியும்?"

"வருசா வருசம் ஒன் ரிப்போட்டு கார்டுல கையெழுத்து போட்டது யாரு? மேல பெருசா இங்கிலீசுல ஒம் பேரு எழுதியிருக்கும். எனக்கு அதப் படிக்கத்தான் தெரியாது. பாத்தாத் தெரியும்."

"தெரிஞ்சுமா ஆபரேஷனுக்கு வந்தீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் வந்தேன். அந்த எருமக்காரனுக்கு நம்ம வீட்டுல ஒரு ஆளு வேணும்னா, நான் இங்க வந்து படுத்துட்டேன்ல. அங்க வந்து ஒன்னையத் தேடமாட்டான்."

கதவு திறந்து கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பிடித்திருந்த இடத்தை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவர் பயம் தெளிந்து வரவில்லை, எனக்காகப் பயந்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அந்தக் கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இல்லை. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை அந்தக் கதவு திறக்கும்போதும் எழுந்தேன், உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். அம்மா அதை நம்புவதற்கு நான் இரண்டு முறை தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவின் மூக்கில் குழாய், கையில் குழாய். மயக்கம் தெளிந்து தெளிந்து போய்க்கொண்டிருந்தது. அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் முகத்தருகே குனிந்தேன். கண்ணைத் திறந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். உதடு காய்ந்திருந்தது. சொல்ல மிகவும் கஷ்டப்பட்டார்.

"நீ வெளிய வந்துட்டியா?"

ஆபீஸ் மேசை இழுப்பறையில், அந்த டிஸ்குக்குள், நாய்க்கு எதிரே நான் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"வந்துட்டேன்ப்பா" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அதற்குமேல் அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். மலாய் நர்ஸ் வந்து என் தோளில் கை வைத்து, "கெலுவார் டுலு, அடேக்" என்றாள். முதலில் வெளியே போ, தங்கச்சி என்று அர்த்தம். அப்பாவுக்கும் அந்த அளவுக்கு மலாய் புரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, போ என்பதுபோல் தலையை ஆட்டினார்.